வாய்க்குக் கட்டம் இல்லை

இரவு டூட்டி நோட்டில் பதினோரு கட்டம்.
பிரஷர், சுகர், மூத்திரம் எத்தனை மில்லி,
வயிறு போனதா, புரட்டிப் படுக்க வைத்ததா,
மருந்து கொடுத்தவர் கையெழுத்து.
வாய்க்குக் கட்டம் இல்லை.

கருங்கல் சந்தையிலிருந்து இறங்கினால்
ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் இல்லம்.
பதினாறு கட்டில். ராத்திரிக்கு நானும் ஜெனற்றும்.
ஒன்பது பேருக்குப் பல்செட்.
ஒருமுறை யாரோ எல்லாவற்றையும் ஒரே சருவத்தில் கழுவப் போட்டு
விடிந்ததும்
ஆளுக்கு ஆள் சிரிப்பு மாறிக் கிடந்தது.
அதன் பிறகு நகப்பூச்சால் கட்டில் எண் எழுதுகிறேன்.

கட்டில் ஏழு, மெற்றில்டா.
குளச்சலில் மீன் விற்றவள்.
வாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்
மூன்று மாதம் முன் இங்கே வந்தாள்.
ஒன்பது நாளாய் எதுவும் இறங்கவில்லை.
நோட்டில் ஒன்பது தடவை, வெவ்வேறு கையெழுத்தில்:
'ஒத்துழைக்கவில்லை.'
திங்கட்கிழமை மூக்கு வழியே டியூப் என்றார் டாக்டர்.
தம்மாமிலிருந்து மகன் வீடியோவில்
"எம்மா, இத்திரி வாயத் தொறயேன்" என்றான்.
அவள் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஞாயிறு ராத்திரி இரண்டரை மணி.
தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒருச்சாய்த்து,
வெடித்த உதட்டில் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துக்
காத்திருந்தேன்.
பிடித்து நெம்பினால் பூட்டு இறுகும்,
அது எனக்குத் தெரியும்.
கன்னத்தைத் தடவிக்கொண்டே சும்மா கேட்டேன்:
"சாள எம்புட்டுக்குத் தருவிய?
அம்பது ரூவாய்க்குத் தாருமா?"

அந்த விலைக்கு
யாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்.

டார்ச் அடித்தேன்.
நாக்கில் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை.
கன்னத்து மடிப்பில் கரையாத மாத்திரை இரண்டு,
என்றைக்கோ உள்ள சோறு.
வந்த நாளிலிருந்து யாரும் கழற்றாத கீழ்ப்பல்செட்.
நானும் கழற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
விரலில் ஈரத்துணி சுற்றி
ஓரம் ஓரமாய் அசைத்து எடுத்தேன்.
அடியில், ஈறு பழுத்துச் சீழ் வைத்த இடத்தில்
குத்தி நின்றது ஒரு முள்.

யாரோ மகள் கல்யாணத்துக்கு
இல்லத்துக்குத் தந்த மீன்குழம்பு, போன மாதம்.
எத்தனை ஆயிரம் மீனை அறுத்தவள்.
இடுக்கியால் இழுத்தபோது
மிச்சமிருந்த மேல்பல்லால் என் விரலைக் கடித்து
ஒரு வார்த்தை சொன்னாள்.
மூன்று மாதத்தில் முதல் வார்த்தை.
கடற்கரையில் ஏலம் விடும் இடத்து வார்த்தை,
இங்கே எழுத முடியாது.
அடுத்த அறையிலிருந்து ஜெனற்று
"ஏய், யாரு பிள்ளே அது?" என்று ஓடிவந்தாள்.

காலையில் முள்ளைப் பஞ்சில் வைத்து
டாக்டரிடம் காட்டினேன்.
ஈறுக்கு மருந்து எழுதினார். டியூபை அடித்துவிட்டார்.
ஆறின கஞ்சி, அரைக் கிண்ணம்,
ஒன்றேகால் மணி நேரம்.

ஸ்கேல் கிடைக்கவில்லை.
மாத்திரை அட்டையை வைத்துப் பன்னிரண்டாவது கட்டம் போட்டேன்,
கோடு கொஞ்சம் கோணல்.
மேலே 'வாய்' என்று எழுதி
ஏழுக்கு நேரே: 'பார்த்தேன்.'

மீதிப் பதினைந்தும் காலி.
டார்ச்சுக்கு பேட்டரி கேட்டிருக்கிறேன்.