அடிவானத்துக்குக் கீழே

சனிக்கிழமை இரவுகளில்
பொகவந்தலாவையில், டயர்க்கடையின் மொட்டைமாடியில்
நாங்கள் எட்டுப் பேர்.
ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று.
பதிவேடு என்னிடம்.

முதலில் தடைசெய்தது இராவணனின் விமானத்தை.
பறந்தது என்றார் உபுல். பறந்தது என்றார் செல்வமாணிக்கம்.
அதில் இருவருக்கும் சம்மதம்தான்.
யாருடைய அரசன் என்பதில்தான்
தேநீர்க் குடுவை உடைந்தது.

அடுத்தது பிறை.
நௌசாத் கண்ணால் கண்டதைக்
கொழும்பு காணவில்லை.
பெருநாள் கழிந்தும் ஒரு மாதம் அவர் மாடி ஏறவில்லை.
எழுதினேன்: பிறையின் வயதைத் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

பிறகு, இந்தியாவின் கலம் நிலவில் இறங்கிய மாலை.
யோகதாசன் கொஞ்சம் கூடுதலாகக் கைதட்டிவிட்டான்.
'நீ எந்த நாட்டுக்காரன்?'
கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
அந்தக் கேள்விக்கு அவன் வீட்டில்
மூன்று தலைமுறையாகப் படிவம் நிரப்பியிருக்கிறார்கள்.
கொடிகள் தடை.

ராகு கேது தடை.
நிலவில் கால் வைத்தார்களா இல்லையா, தடை.
தவமலர் ஒருநாள் ஒரு ராக்கெட்டின் விலையைக்
கொழுந்துக் கிலோவில் கணக்குப் போட்டாள்.
சுழியங்கள் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிப்போயின.
சம்பளம் தடை.

கடைசியில் களைத்துப்போய்
எல்லாவற்றையும் ஒரே வரியாக்கித்
தண்ணீர்த் தொட்டியில் ஒட்டினேன்:
அடிவானத்துக்குக் கீழே உள்ள எதையும் இங்கே பேசக்கூடாது.
அழகான வரி என்றார் தலைவர்.
அதன் பிறகு மாடியில் எண்கள் மட்டும் பேசின.
யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுகூட
எவரும் கேட்கவில்லை.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எனக்கு அது பிடித்திருந்தது.

தை மாதம், இரண்டாம் சனி.
மழை கழுவிவிட்ட வானம்.
கார்த்திகைக் கூட்டத்தில் வழக்கமாக ஆறு மீன்;
அன்று ஒன்பது எண்ணினேன், வெறுங்கண்ணால்.
'என்ன அருமையான இருட்டு' என்றேன்.
'ஆமா' என்றாள் தவமலர். 'கரண்ட வெட்டிட்டாங்க.'

கிழக்கே திரும்பினோம்.
எதிர்மலையில், வாராவாரம் உள்ளங்கையால் மறைத்தபடி
நாங்கள் திட்டித்தீர்க்கும் மஞ்சள் வரிசை,
ஐந்தாம் நம்பர் லயம்,
இருபது விளக்கு,
இல்லை.

'பதினெட்டுக் கிலோ முடியாதுன்னு உக்காந்தோம்.
இன்னையோட நாலு நாள்.'

தலைவர் தொண்டையைச் செருமினார்.
டார்ச் வெளிச்சத்தைத் தொட்டியின் மேல் பிடித்தார்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைத் திருப்பி,
எதுவும் தெரியாத அந்த இடத்தில் நிறுத்தி,
பக்கத்திலிருந்த பாகைத் தட்டை வாசித்தாள்.
'பன்னெண்டு பாகை. மேல.'

வரியை எழுதும்போது நான் யோசிக்கவில்லை.
நாங்கள் நிற்பது பள்ளத்தில்.
எங்களைச் சுற்றி ஆட்கள்
வானத்தில் குடியிருக்கிறார்கள்.

உபுல்தான் கேட்டார்: 'ஏன் பதினெட்டு?'

அதற்கப்புறம் அடங்கவில்லை.
பதினெட்டிலிருந்து அரைப்பேருக்குப் போனது,
அரைப்பேரிலிருந்து சந்தா பிடிக்கும் சங்கத்துக்கு,
உபுலின் மச்சான் துரை வீட்டு டிரைவர் என்பதற்கு,
எப்படியோ இராவணன் வரைக்கும் போய்வந்தது.
நௌசாத் பாதியில் எழுந்துபோய்க்
கடையைத் திறந்து
சார்ஜ் லைட் நான்கு கொண்டுவந்தார்.
பாதி விலை என்றார்.
அதற்கும் ஒரு சண்டை.
கண்ணாடியில் பனி படிந்துவிட்டது.
சனி மேற்கே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கிழக்கு, பன்னிரண்டு பாகை. இருபது ஒளிகள். தென்படவில்லை.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
வழக்கமாக அதில் மேகம் என்று எழுதுவோம்.
பேனாவை அவளிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை.
'நீங்களே எழுதுங்க' என்றாள்.
'உங்க கையெழுத்துலயே இருக்கட்டும்.'