மூன்றாவது கியர்

ஆரஞ்சு விளக்கு, மறுபடியும்.
ரேஸெக்னேயில் பனி இன்னும் விட்டபாடில்லை.

"வடிகட்டி முழுக்கக் கரி" என்றான் ஐவார்ஸ்
லேப்டாப்பை பானெட்மேல் வைத்து.
"புதுசு ஆயிரத்து எண்ணூறு யூரோ.
சென்சார் தனி."
வெல்காவின் இரண்டு மாதச் சம்பளம்
திரையில் ஒளிர்ந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினான்:
"அறுத்து எறிந்துவிடலாம், முந்நூறுக்கு.
சோதனையில் யார் குனிந்து பார்க்கிறார்கள்?"

காலையில் மாற்றிய ஆக்ஸிஜன் உருளை
ஏனோ நினைவில் உருண்டது,
ஸ்தனிஸ்லாவ்ஸின் மூக்கோடு ஒட்டிய குழாயும்.

"வேறு வழி?"
"தூரமாக ஓட்டிப் பார்.
நீ ஓட்டுவதெல்லாம் வீட்டுக்கு வீடு,
ஊசிக்கு ஊசி, இரண்டு கிலோமீட்டர்.
வண்டி ஒருநாளும் சூடானதே இல்லை."

அன்றிரவு ரீகா சாலை.
மூன்றாவது கியர், முள் மூவாயிரத்தில்.
பின்னிருக்கையில் மருந்துப் பெட்டி இல்லை.
போய்ச் சேர
எவருடைய கதவும் இல்லை.
அடியில் எங்கோ
நான்கு வருடக் கரி
சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

நாற்பதாவது நிமிடம் விளக்கு அணைந்தது.
சென்சார் அடுத்த மாதக் கவலை.

திரும்பும் வழி என்றது பலகை.
பார்த்தாள்.
பார்த்தபடியே
தாண்டினாள்.