காரணம்: இரண்டு வரிகளுக்குள்

தரம் பன்னிரண்டு அனுமதிப் படிவத்தில்
எட்டாம் கேள்வி:
மிகவும் விருப்பமான பாடம்?
அதன் கீழே, காரணம்.
காரணத்துக்கு இரண்டு புள்ளிக்கோடுகள்.

ஸுமையா முதலில் முடித்தாள்.
கிண்ணியா பஸ்ஸில் பாலம் கடந்து வருகிறவள்,
வீட்டில் ஒன்பது பேர், ஒரு மேசை.
'கணிதம். கணக்குச் செய்யும்போது
என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை.'
அவ்வளவுதான்.
பேனாவை மூடிவிட்டு
வேலியோரம் சோற்றுப் பார்சல் தாளை மெல்லும் மான்களைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரோஜனுக்கு வரலாறு.
கோட்டை கைமாறிய கதையை
கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்வான்.
போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன்,
திரும்ப ஒல்லாந்தன், பிறகு வெள்ளைக்காரன்.
'எல்லாரும் அவுட்டடா,
உள்ளுக்க மேயிற மான் மட்டும் நொட் அவுட்.'
அவன் காரணம் ஓரத்தில் ஏறி
ஒன்பதாம் கேள்விக்குள் வழிந்தது.

பக்கத்து வாங்கில் தக்சாயினி
பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்:
'பிடிச்ச பாடமே இல்லையெண்டால்
என்ன எழுதுறது?'
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என் படிவத்தில் ஏற்கெனவே பதில் இருந்தது.
அம்மாவின் எழுத்து, பென்சிலில்: வர்த்தகம்.
காரணமும் எழுதியிருந்தா: வங்கியில் வேலை கிடைக்கும்.
'கணக்கில ஏ எடுத்த பிள்ளை
கலைப்பிரிவுக்குப் போறதோ?
மேப்பைப் பார்த்து ஆர் சோறு போடுறது?'

அம்மா சொல்வதில் பிழையில்லை.
சோறு போடுவது பற்றி
வரைபடத்தில் ஒரு குறியும் இல்லை.

ஆனாலும்
போன வருடம் கன்னியாவுக்கு
ஆய்வுகூட வெப்பமானியை ஒளித்துக்கொண்டுபோய்
ஏழு கிணறுகளிலும் விட்டுப் பார்த்தேன்.
வாளியோடு வரிசையில் நின்றவர்கள்
'தங்கச்சி, குளிக்கிறதெண்டால் குளி, இல்லாட்டி விலகு'
என்று கத்தக் கத்த
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதினேன்.
கைக்கெட்டும் தூரத்தில் ஏழு கிணறு,
ஒன்றின் சூடு மற்றதுக்கு இல்லை.
ஐந்தாவதில் வெப்பமானி நழுவி உடைந்தது.
தண்டம் நானூற்றைம்பது ரூபாய்.
இன்னும் நூறு பாக்கி.

பிறகு அந்தக் கடற்படம்.
புவியியல் அறை அலுமாரிக்குப் பின்னால்
கறையான் மூலை தின்றது போக மிஞ்சியது.
நிலத்தில் ஒன்றுமில்லை, கடல் முழுக்க எண்கள்.
ஆழத்தைப் பாகத்தில் குறித்திருந்தார்கள்.
கரையோரம் மூன்று, ஐந்து, பன்னிரண்டு.
விரலை வைத்து மெல்ல நகர்த்தினேன்,
இருபது, நாற்பது,
துறைமுக வாயில் தாண்டும் முன்பே
கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு
திடீரென்று நூறு, இருநூறு.
ஒரு பள்ளத்தாக்கு.
மலைநாட்டில் இருந்திருந்தால்
பஸ் நிறுத்திப் படம் எடுப்பார்கள்.

டச்சுக்குடாவில் நீந்தப் பழகியவள் நான்.
அதே தண்ணீர்தான்.
பதினாறு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.
அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போய்
முழங்கால் அளவில் நின்றேன்,
கடலைக்காரன், பட்டம், ஐஸ்கிறீம் வண்டியின் மணி,
எல்லாம் அப்படியே இருந்தன.
எனக்கு மட்டும் கால் கூசியது.

அழிறப்பரால் தேய்த்தேன்.
வர்த்தகம் போகவில்லை,
தாளில் பள்ளமாய்ப் பதிந்திருந்தது,
அம்மா எப்போதும் அழுத்தித்தான் எழுதுவா.
அந்தப் பள்ளத்தின் மேலேயே
நீலப் பேனாவால் எழுதினேன்: புவியியல்.
இரண்டு வரி போதவில்லை.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் கரையை வரைந்தேன்,
எண்களை நினைவில் இருந்தபடி போட்டேன்,
இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தினேன்.
படிவம் பழுது என்று அலுவலகத்தில் ஏசுவார்கள்.
புதுசுக்கு இருபது ரூபாய்.

தக்சாயினி தலையை நீட்டி
கனநேரம் பார்த்தாள்.
பென்சில் வாயை விட்டு வந்திருந்தது.

'இந்த இடத்தில
எவ்வளவு ஆழம்?'

அவள் விரல் வைத்த இடத்தில்தான்
கறையான் தின்றிருந்தது.

'தெரியாது' என்றேன்.
அதைச் சொல்ல
எனக்கு ஏன் அவ்வளவு சந்தோசம் வந்ததோ.