ரோட்டுச் சாமிநாதர்

சாமிநாதர் என்றால் எங்கள் கோவிலூரில்
பிரசங்கத்துச் சாமிநாதரைத்தான் நினைப்பார்கள்.
கையில் புத்தகம், நெற்றிக்கு மேல் நட்சத்திரம்.
நீர் இன்னொருவர்.
ஸ்பெயின் தேசத்து ஆற்றங்கரைக் காட்டை
அரிவாளால் வெட்டி
யாத்திரிகர்களுக்குச் சாலை போட்டவர்.
படிப்பு ஏறவில்லையென்று
இரண்டு மடங்கள் உமக்குக் கதவைச் சாத்தின.

எனக்கு ஒரே மடம்.
இங்கிலீஷில் மூன்றாம் முறையும் கோட்டை விட்டபோது
“தம்பி, ஆண்டவர் உன்னை
வேறெங்கோ அழைக்கிறார்” என்றார் அதிபர்.
வேறெங்கோ என்பது தொப்பூர் கணவாய்,
டோல்கேட் கம்பெனியின் பராமரிப்புப் பிரிவு.
குழி அடைப்பேன். நாய் செத்துக் கிடந்தால் எடுப்பேன்.
வெள்ளைக்கோடு அழிந்தால் மறுபடி போடுவேன்.

ஆகஸ்ட் பாதியில் அவர்கள் வருவார்கள்,
பெங்களூரிலிருந்து, ஓசூரிலிருந்து,
காவி உடுத்தி, சின்னத் தேரில் மாதாவைத் தள்ளிக்கொண்டு,
வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நாள் எண்ணியபடி.
வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பார்கள்.
டீசல் மிச்சம் பிடிக்க
நியூட்ரலில் உருளும் லாரிகளும்
ராத்திரியில்தான் இறங்கும்.

உம் கதை ஒன்று உண்டு.
பாதையில் அசந்து தூங்கிய யாத்திரிகன்மேல்
மாட்டுவண்டி ஏறிவிட்டது.
நீர் முழங்காலிட்டீர்.
அவன் எழுந்தான், தூசி தட்டினான், நடந்தான்.

போன வருஷம் இரட்டைப் பாலத்தருகே
நானும் முழங்காலிட்டேன்.
ஆனேக்கல்காரன். சௌரப்பா என்று பிறகு தெரிந்தது.
ஜெபமாலை கையில் சுற்றியபடியே இருந்தது.
தெரிந்த மன்றாட்டெல்லாம் சொன்னேன்,
உம் பேரையும் சொன்னேன்.
நூற்றியெட்டு வந்தது. அவன் எழவில்லை.
மறுநாள் ஒற்றைச் செருப்பை
ஓரத்திலிருந்து எடுத்தது நான்தான்.
என் வேலை அது.

அதன்பிறகு தவக்காலம் வரை
உம்மோடு நான் பேசவில்லை.

பிறகு கதையை மறுபடி வாசித்தேன்.
வண்டி ஏறியது அரைப் பக்கம்.
மற்றதெல்லாம் கல், சுண்ணாம்பு, பாலத்தூண்,
கால் கழுவத் தண்ணீர், படுக்க வைக்கோல்.
முன்னே அதையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன்.

இந்த வருஷம் தர்மபுரிக் கடைத்தெருவில்
ஒளிரும் பட்டை ஆறு ரோல் வாங்கினேன்.
சொந்தக் காசு; ஸ்டோரில் கேட்டால் கணக்கு எழுதச் சொல்வார்கள்.
வருகிறவர்களை நிறுத்தி
முதுகுப் பையில் ஒட்டுகிறேன்.
மாதாவின் தேருக்குப் பின்னாலும் ஒன்று.
“எஷ்டு?” என்கிறாள் ஒருத்தி,
முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி.
கழுத்தில் எல்லம்மா டாலர்,
கொப்புளம் உடைந்த குதிகால்.
காசு வேண்டாம் என்பது
கன்னடத்தில் எப்படியென்று எனக்குத் தெரியவில்லை.
“திரும்பி நில்லுங்கக்கா” என்கிறேன்.
புரிந்துவிடுகிறது.

மேல் வளைவில் ஒரு லாரி விளக்கு திரும்புகிறது.
இறக்கம் நெடுக முதுகுகள்
சிவப்பாய் ஒவ்வொன்றாய்ப் பற்றிக்கொள்கின்றன.
டிரைவர் கியர் போடுகிற கரகரப்பு
இதுவரை கேட்கிறது.

உமக்குக் கேட்டதா, சாமிநாதரே?
நாலாவது ரோல் தீரப் போகிறது.
காரிமங்கலத்தில் தங்கிய கூட்டம்
இன்னும் வரவில்லை.