பங்குனி வெயிலில் ஹீற்றர்

காரை விட்டு இறங்கின சுகிர்தமலர் மிஸியின்
மூக்குக்கண்ணாடி வழுக்கி நுனியில் நிண்டது.
"நிப்பாட்டினாலும் நிக்குதில்லைத் தம்பி" எண்டா.
பண்ணைப் பாலத்தில் நாலு கண்ணாடியும் இறக்கி
வேலணையிலிருந்து
அடுப்புக்குள்ளை இருந்து ஓடி வந்திருக்கிறா.

முழுச் சார்ச்சுக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் போற வண்டி
அறுபதிலை மூச்சு வாங்குதாம்.
மிச்ச முப்பதும்
அவவின்ர முழங்காலைச் சுட்ட செலவு.

யப்பானில் பனி கொட்டுற ஊரொண்டில்
ஆரோ ஓடிக் கழிச்சுக் கப்பலேத்தின சின்னக் கார்.
சீற்றுக்குக் கீழை நீலப் பிடி போட்ட பனிச் சுரண்டி.
காகம் எச்சமிட்டால் மிஸி அதாலைதான் சுரண்டுறவ.

பொத்தானில் வளைஞ்ச மூண்டு கோடு.
பக்கத்திலை இருக்கிற எழுத்து எனக்குத் தெரியாது.
அமத்தினன். டிக்.
விளக்கு அணைஞ்சது.
காத்து அணையேல்லை.

முதல் பியூஸ். சரி.
பிறகு ரிலே. பக்கத்து ரிலேயைக் கழட்டி
இதிலை மாத்திப் பாத்தன். அதுவும் சரி.
செம்மஞ்சள் வயர் பக்கம் போகேல்லை.
அதுக்குள்ளை முந்நூறு வோல்ற்றுக்கு மேலை;
மனுசிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்.

"வெட்டி விடுங்கோவன். இஞ்ச ஆருக்கு ஹீற்றர்?"

வெட்டலாம். அஞ்சு நிமிச வேலை.
குறடும் கையிலைதான் இருந்தது.
ஆனால் பிழை எங்கை எண்டு தெரியாமல் வெட்டினால்
ராவிலை அந்தக் கார் வந்து
என்ர தலைமாட்டிலை நிக்கும்.

பனலைக் கழட்டினன்.
வெயில் தின்ட பிளாஸ்ரிக், பிஸ்கற் மாதிரி.
ஒரு கிளிப் உடைஞ்சது.
இருமி மறைச்சன். பிறகு சொல்லிப் போட்டன்.

மல்ரிமீற்றரின் ரெண்டு முனையும்
சுவிச்சின் ரெண்டு காலில்.
ஒன் பண்ண: கீ.
ஓஃப் பண்ண: கீ.
திருப்பியும் ஓஃப். திருப்பியும் கீ.

உப்புக்காத்து எண்டு நினைச்சன்.
கடல் சுத்தின ஊரிலை
பாதிப் பழுதுக்கு அதுதானே பேர், செம்பிலை பச்சை.
திறந்தால் செம்பு மினுங்குது.
ஒரு தகட்டின்ர முதுகிலை மட்டும்
நாலாய் மடிச்ச காகிதம்,
மற்றத் தகட்டோடை அதை ஒட்ட வைச்சபடி.

தானாய் விழுந்த காகிதமில்லை.
நகத்தாலை அழுத்தி மடிச்ச மடிப்பு.

அங்கை இந்தச் சுவிச்
பத்தாமல் விட்டிருக்கும்.
விடியப்புறம், வெளியிலை பனி,
வேலைக்குப் பிந்திப் போச்சு,
சட்டைப்பையிலை கிடந்த ரிசீற்றை மடிச்சுச் சொருகி
காத்து சுடத் தொடங்க
ஒராள் ரெண்டு கையையும் நீட்டிப் பிடிச்சிருக்கும்.
நான் ஒண்டரை மணித்தியாலமாய்த் தேடின பழுது
அந்த ஆளின்ர கைவேலை. நல்ல வேலை.
என்னாலை இவ்வளவு நேர்த்தியாய் மடிக்கேலாது.

விரிச்சுப் பாத்தம். எழுத்து மங்கிப் போச்சு.
480 எண்ட இலக்கம் மட்டும் வாசிக்கலாம்.
"சுடச்சுட ஏதோ குடிச்சிருக்கினம்" எண்டா மிஸி.

ஸ்பிரிங்கை நிமித்தி, தகட்டைத் துடைச்சு மூடினன்.
ஒன்: கீ.
ஓஃப்: சத்தமில்லை.

அப்ப பகல் ரெண்டு மணி.
ஸ்ரான்லி றோட்டிலை தார் இளகி
செருப்பைப் பிடிச்சு இழுக்குது.
காத்து வாற ஓட்டையிலை
ரெண்டு பேரும் கையை வைச்சுக்கொண்டு நிண்டம்.
"நிண்டிட்டுதோ?"
"நிண்டிட்டுது."
"அப்ப ஏன் இன்னும் சுடுது?"
"அது யாழ்ப்பாணம், மிஸி."

காசு தந்தா. உடைஞ்ச கிளிப்புக்குக் கழிச்சுத் தந்தா.
காகிதத்தை வாங்கி
கிளினிக் கொப்பிக்குள்ளை வைச்சா.
ஏறி இருந்து, கதவைச் சாத்த முந்தி,
"வேணுமெண்டால் பத்தும்தானே?"
"பத்தும்."
"மார்கழி மழைக்குள்ளை ஒரு நாள் வேணும்."

ஆருக்கு எண்டு நான் கேக்கேல்லை.
பின் சீற்றிலை கிடந்தது
பிள்ளை நிறுக்கிற தராசு,
ஏணை மாதிரி அதிலை தொங்கிற துணி
தோய்ச்சு மடிச்சபடி.