ஒரு ‘ப்’ கூடுதல்

சூலூர்பேட்டையில் வாங்கினேன்.
ஆரம்பாக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு
என் அப்பாவின் சர்க்கரை அளவுகூடத் தெரியும்.

தெலுங்குப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான் பையன்.
வட்ட வட்டமாய் எழுத்து, ஒன்றும் படிக்க வராது எனக்கு.
கம்பெனிக் கழிப்பறைக்கு ஏழு நிமிஷ டோக்கன்.
முதல் கோடு உடனே வந்தது.
அடுத்தது,
வராது என்று நான் மூச்சு விட்ட பிறகு.

திரும்பப் போய் உட்கார்ந்து
மணிக்கட்டில் எர்த் பட்டையை மாட்டிக்கொண்டு
நானூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குக் கேமரா பொருத்தினேன்.
ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

மஸ்தானய்யா,
நாம் பழகத் தொடங்கிப் பதினோரு வாரம்.
உனக்குத் தமிழ் பாதி, எனக்குத் தெலுங்கு கால்.
மீதியை டீக்கடையில் சிரித்தே சமாளித்தோம்.
உன் அம்மா பெயரை இன்னும் நான் கேட்கவில்லை.
தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போன உன் ரூமில்
மோட்டார் ஓடி ஓடித் தொட்டி வழிந்தது,
நிறுத்த யாரும் எழுந்து போகவில்லை.

தடா ஸ்டேஷனில் சொன்னேன்.
உன் பாஷையிலேயே சொல்லலாம் என்று
பக்கத்து சீட் ரவணம்மாவிடம்
வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டு வைத்திருந்த சொல்:
கடுபு.
‘கடுப்பா? என் மேலயா?’ என்றாய்.

சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை.
உன் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன்.
சூலூர்பேட்டை லோக்கல் வந்து, நின்று, போனது.
உன் வண்டி. நீ ஏறவில்லை.
இன்றைக்கு வரை என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

மறுநாளே
‘வாங்க, உக்காருங்க’ என்கிறாய்.
மரியாதையா,
இல்லை இரண்டு பேரைக் கூப்பிடுகிறாயா?
பாட்டு அனுப்புவதில்லை.
‘பப்பாளி சாப்பிடாதே’ என்று அனுப்புகிறாய்,
உடனே அழித்துவிடுகிறாய்.
அழிப்பதற்குள் படித்துவிட்டேன்.
எதை ஆசைப்பட்டாய், எதற்குப் பயந்தாய்?
கேட்க நாக்கு எழவில்லை.

முதல் சண்டை ஜன்னல் சீட்டுக்கு.
நீ விட்டுக்கொடுத்தாய், நான் வேண்டாம் என்றேன்.
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
உரிமையாய்த் திட்டிக்கொள்ள நமக்கு ஏது வயது?
நமக்கு வாரம் பதினொன்று, இதற்கு ஆறு.
ஐந்தே வாரம் மூத்தது நம் காதல்.
அது எப்படித் தூக்கி வளர்க்கும்?

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு ஏரி ஓரம்
பைக்கை நிறுத்திவிட்டு,
பூநாரைகளைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல்,
‘ஏம் சேத்தாம்?’ என்றாய்.
செத்தோம் என்றே விழுந்தது என் காதில்.
என்ன செய்யலாம் என்றுதான் அர்த்தமாம்.
அந்தச் சொல்லுக்குள் ‘நாம்’ இருக்கிறதாம்,
ரவணம்மா சொன்னாள்.
யாருக்காகக் கேட்கிறேன் என்று இந்த முறை அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாயுடுபேட்டை டாக்டரம்மா.
வைத்துக்கொள்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.
நீ வருவாயா என்றும் கேட்கவில்லை.
லீவு ஃபார்மில் ‘காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம்.
வயிற்றுக் கடுப்பு என்று எழுதினேன்,
‘ப்’புக்கு அழுத்திப் புள்ளி வைத்து.