வலது கைப்பிடி

அந்த மே மாசம் வி.கே. புரத்தில்
ரெண்டு அறை வீட்டுக்குள் பதினேழு பேர்.
ஒரே கக்கூஸ்.
மில் சங்கு ஊதும்போதே
முப்பிடாதி அத்தை வாளியோடு வரிசையில் நிற்பாள்,
ரேஷன் கடையில் நிற்கிற அதே முகத்தோடு.

சென்னையிலிருந்து வந்த தர்ஷிகாவுக்குப் பல் விழுந்தது.
சாணியில் பொதிந்து கூரையில் எறியணும் என்றார்
ஆறுமுகநயினார் மாமா.
கூரை எங்கே இருக்கு, எல்லாம் கான்கிரீட்.
எறிந்தது தண்ணீர்த் தொட்டியில் பட்டு
அவர் வழுக்கைக்கே திரும்பி வந்தது.
அதைச் சொல்லிச் சொல்லியே
மூன்று நாள் சோறு இறங்கியது எங்களுக்கு.

ஆச்சி பெயர் உலகம்மாள்.
மில்லில் இருபத்தாறு வருசம் நூல் சுற்றியவள்.
அறுந்த நுனியைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவாள்.
முழங்கால் போன பிறகும்
எண்ணுகிற பழக்கம் போகவில்லை.
தட்டை எண்ணுவாள், தலையணையை எண்ணுவாள்,
பதநீர்க்காரர் ஊற்றுகிற தம்ளரை
அவர் எண்ணுவதற்கு முன்னால் எண்ணுவாள்.
கழுதை விளையாடும்போது மட்டும்
நாலு சீட்டை மடிக்குள் சொருகிக்கொண்டு
"எங்கிட்ட அஞ்சுதாம்ல இருக்கு" என்பாள்.

ராத்திரி உள்ளே வேக்காடு.
எல்லாருக்கும் மொட்டை மாடியில் பாய்.
நானும் வாரேம்ல என்று ஒரே பிடிவாதம்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
சொரிமுத்து இடது கைப்பிடி, நான் வலது.
பத்தொன்பது படி.
"மெல்லல, மெல்ல.
சப்பரம் சாஞ்சிரப் போவுது."
மேலே போய் இறக்கியதும்
விசிறிக் காம்பை நீட்டி நீட்டி எண்ணுவாள்.
பதினாறு.
தன்னை அவள் சேர்ப்பதில்லை.

பொதிகைப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்த மின்னல்
ஒருநாள் ரெண்டு மணிக்கு
எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது.
பாயைச் சுருட்டி, பிள்ளைகளை இடுக்கி,
யார் கால் யார் மேல் என்று தெரியாத ஓட்டம்.
கீழே கரண்ட் இல்லை.
இருட்டில் மாமாதான் எண்ணினார்,
தலை தலையாகத் தொட்டு.
பதினாறு.
சரியா இருக்கு, கதவைச் சாத்து என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து தர்ஷிகாதான் கேட்டாள்:
"ஆச்சி எண்ணவே இல்லையே?"

மேலே நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள்.
தொப்பல்.
விசிறி மட்டும் தலைக்கு மேலே, ஒரு மரியாதைக்கு.
மின்னியபோது பார்த்தேன், சிரிக்கிறாள்.
"எங்கல போனிய எல்லாரும்?
நல்ல மழைலா.
ஷிப்டு முடிஞ்சு வரும்போ நனஞ்சது, அதுக்கப்புறம் இன்னிக்குதான்.
இன்னுஞ் செத்த நேரம் இருக்கட்டும்."

இருந்தோம். மூன்று பேரும் நனைந்தோம்.
அவள் வெற்றிலைப் பெட்டிக்குள் தண்ணீர் தளும்பியது.

நாலாம் நாள் காய்ச்சல்.
அம்பை பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து ஹைகிரவுண்டு.
நெஞ்சில் சளி என்றார்கள்.
வயசு என்றார்கள்.
ஆம்புலன்ஸில் வந்து இறங்கியவளை
முப்பிடாதி அத்தை வாசலில் வைத்தே
தலை துவட்டிவிட்டாள்,
ஈரமே இல்லாத தலையை.

மழையைப் பற்றி யாரும் பேசவில்லை.
இத்தனை சொந்தம் கூடிய வீட்டில்
ஒரு ஆள்கூடப் பேசவில்லை.
ஆற்றங்கரைக்குத் தூக்கும்போது
இந்தப் பக்கம் வா என்று மாமா கூப்பிட்டார்.
எனக்கு வலதுதான் என்றேன்.

பதினாறு விசேஷம் முடிந்த சாயங்காலம்
பந்தலுக்கு நாற்காலி ஒன்று குறைந்தது.
மாடியில் ஒன்று கிடக்கே என்றார்கள்.
சும்மா பிளாஸ்டிக்,
தர்ஷிகாவே ஒரு கையால் தூக்கிவிடுவாள்.
ஆனாலும் சொரிமுத்து இடது பக்கம் போய் நின்றான்.
நான் வலது பக்கம்.

எட்டாவது படியிலோ ஒன்பதாவதிலோ நின்றுவிட்டான்.
"அன்னைக்கு,
நீ தூக்கிட்டு வருவேன்னு நெனச்சேம்ல."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.
சொல்ல வாய் வரவில்லை.
நாற்காலி சரிந்து
குழியில் கிடந்த பழைய மழை
எங்கள் நாலு காலிலும் ஊற்றியது.